ஓக் மரங்களின் திடீர்ச் சாவு: தோட்டம் வைத்திருப்போரும் காட்டில் நடப்போரும் கேட்கும் கேள்விகள்

வட கலிஃபோர்னியாவில் குடியிருக்கும் நம்மவர்கள் பலருக்குச் சனிக்கிழமை என்றால் மலைப்பாதையில் ஒரு நடை, ஞாயிறு என்றால் நர்சரியில் இரண்டு தொட்டிச் செடி. இந்த இரண்டு இடங்களையும் இணைக்கும் ஒரு மரநோயைப் பற்றியது இந்தப் பக்கம். வசந்த காலத்தில் இலை சேகரிக்கப் போகும் தன்னார்வலர்களில் நானும் உண்டு. வழியில் பார்ப்பவர்கள் தமிழில் கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது என்ன நோய்?

ஆங்கிலத்தில் 'சடன் ஓக் டெத்' என்பார்கள், ஓக் மரங்களின் திடீர்ச் சாவு. காரணமான கிருமியின் பெயர் பைட்டோப்தோரா ரமோரம். பைட்டோப்தோரா என்ற கிரேக்கப் பெயருக்கே 'செடிகொல்லி' என்று பொருள். 1876-ல் அன்டன் டி பாரி அந்தப் பெயரை வைத்தார். அவர் கண்முன் இருந்தது 1845 முதல் அயர்லாந்தைப் பட்டினியில் தள்ளிய உருளைக்கிழங்கு நோய்.

இந்தக் குடும்பம் நமக்கு அந்நியமானதன்று. மிளகுக் கொடியை ஒரே மழைக்காலத்தில் உதிர்த்துவிடும் வாடல், வெற்றிலைக் கொடிக்காலை அழிக்கும் வாடல், தென்னையின் குருத்தழுகல், நீலகிரி உருளைக்கிழங்கின் கருகல் எல்லாம் பைட்டோப்தோராக்களின் வேலைதான். ஊரில் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கிருமியின் குணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. தேங்கிய நீர், ஈர மண், விடாத மழை இருந்தால் அது வரும்.

அப்படியென்றால் இது பூஞ்சைதானே?

பார்வைக்குப் பூஞ்சை போலிருக்கும், ஆனால் பூஞ்சை அன்று. நீர்ப்பூஞ்சை என்று சொல்லப்படும் வேறொரு கூட்டம் இது, கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்கு உறவு. பூஞ்சையின் செல்சுவர் கைட்டினால் ஆனது. இதன் செல்சுவரில் செடிகளில் இருப்பது போலச் செல்லுலோஸ் இருக்கிறது. பூஞ்சைக்கொல்லிகளில் பல இதை ஒன்றும் செய்யாமல் போவதற்கு இந்த வேறுபாடுகளே காரணம்.

இதன் வித்துகள் நீந்தும். இலையின் மேல் ஒரு சொட்டு நீர் நின்றால் போதும், வித்துப்பை வெடித்து, இரண்டு இழைகளை அசைத்துக்கொண்டு வித்துகள் வெளியே வரும். வெயில் காலத்தில் தடித்த சுவருள்ள இன்னொரு வகை வித்தாக மாறி, மண்ணிலும் சருகிலும் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

எங்கிருந்து வந்தது?

1990-களின் நடுவில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில், ஓக்கின் உறவான டான் ஓக் மரங்கள் காரணம் தெரியாமல் காய ஆரம்பித்தன. 2000-ல் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் ரிஸ்ஸோவும் பெர்க்லியின் மட்டேயோ கார்பெலோட்டோவும் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். அதே கிருமி 1993 முதலே ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் ரோடோடென்ட்ரான், வைபர்னம் போன்ற அலங்காரச் செடிகளில் காணப்பட்டிருந்தது. 2001-ல் அங்குள்ள ஆய்வாளர்கள் அதற்கு 'ரமோரம்' என்று பெயரிட்டார்கள். கிளைகளுக்குரியது என்று பொருள்.

அதன் தாயகம் வெகுகாலம் புதிராக இருந்தது. பிறகு வியட்நாமின் வடக்கு மலைக்காடுகளிலும் ஜப்பானிலும் ஓடைகளிலும் மண்ணிலும் இதைக் கண்டுபிடித்தார்கள். லாரல் குடும்ப மரங்கள் அடர்ந்த கிழக்காசியக் காடுகளில் பெரிய சேதம் செய்யாமல் வாழ்ந்த ஒன்று, அலங்காரச் செடி வணிகத்தோடு கடல் கடந்து, எதிர்ப்புச் சக்தியே பழகாத மரங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பெரிய காடுகளைக் கொன்ற பயணம் சின்னத் தொட்டியில் தொடங்கியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

'திடீர்' என்கிறார்களே, ஒரே நாளில் சாகுமா?

இல்லை. பார்ப்பவர்களுக்குத்தான் அது திடீர். கிருமி பட்டையைத் துளைத்து உள்ளே போனதும், அடித்தண்டில் கருஞ்சிவப்பாக ஒரு சாறு கசியும். பட்டையில் வெட்டோ காயமோ இருக்காது, இருந்த பட்டை இருந்தபடியே வியர்ப்பது போல ஈரம் வழியும். உள்ளே பட்டைத்திசு சுற்றளவு முழுவதும் மெல்ல மெல்லச் செத்துவருகிறது. இலைகளோ பச்சையாகவே இருக்கும். பலவீனமான மரத்தைத் தேடிச் சிறு வண்டுகள் வந்து துளையிடும், அடியில் மாவு போலத் தூள் சேரும். பட்டையின் மேல் கரிய அரைக்கோளக் காளான்கள் முளைக்கும். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கோடையில் தலை முழுவதும் சில வாரங்களில் பழுத்துவிடும். அன்றுதான் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார். நோய் வந்து இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகியிருக்கும்.

ஓக் சாகிறதென்றால், ஏன் வேறு மரத்தின் இலையைப் பார்க்கச் சொல்கிறீர்கள்?

இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைப்பவற்றில் முக்கியமானது இதுதான். கடலோர ஓக்கின் தண்டில் நோய் வந்தாலும் அந்தத் தண்டிலிருந்து வித்துகள் கிளம்பிப் பிற மரங்களுக்குப் போவது நடைமுறையில் கிடையாது. கிருமிக்கு அது முட்டுச்சந்து. பரப்புவது வேறொரு மரம், கலிஃபோர்னியாவின் பே லாரல். நம் வீட்டுப் பிரியாணியில் போடும் பிரிஞ்சி இலையின் தூரத்து உறவு. கசக்கி முகர்ந்தால் மூக்கில் ஏறும் காட்டமான வாசனை, வாசனையை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். நோய் இந்த மரத்தைக் கொல்வதில்லை. இலையில் மட்டும் குடியேறி, ஈரம் வந்தபோதெல்லாம் கணக்கில்லாத வித்துகளை உதிர்க்கிறது. பக்கத்து ஓக் செத்து விழும்போதும் பே லாரல் பளபளவென்று நிற்கும்.

மழை விட்ட ஏப்ரல் காலையில் ஓர் இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பே லாரல் இலை நீண்டு, நுனி கீழ்நோக்கித் தொங்கும். மழைநீர் வழிந்து கடைசியாக நிற்கும் இடம் அந்த நுனி. கிருமி நுழைவதும் அங்கேதான். நுனி மட்டும் பழுப்பேறியிருக்கும். பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே கோணல்மாணலாக ஒரு கருப்புக் கோடு, பேனா மசி ஊறியது போல. கோட்டுக்கு வெளியே மஞ்சளாக ஒரு விளிம்பு. வெயிலில் கருகிய நுனி என்றால் பழுப்பு நேராக முடிந்துவிடும், இந்தக் கோடும் மஞ்சளும் சேர்ந்து வராது. முதல் முறை எனக்குப் பிடிபடவில்லை. இருபது முப்பது இலைகள் பார்த்த பிறகு கண் தானாகப் பழகிவிட்டது.

டான் ஓக் மட்டும் இரண்டு வேலையும் செய்கிறது. தளிரிலும் சிறு கிளையிலும் வித்தைப் பெருக்கிப் பரப்பவும் செய்யும், தண்டு புண்ணாகித் தானும் சாகும். அதனால்தான் இழப்பு அதற்கே அதிகம். வெள்ளை ஓக் வகை மரங்களுக்கு இந்த நோய் வருவதில்லை. மலைச்சரிவில் இருப்பது எந்த ஓக் என்று தெரிந்துகொள்வது வீண் கவலையைக் குறைக்கும்.

இலை சேகரிக்க யார் வேண்டுமானாலும் போகலாமா?

போகலாம். 2008 முதல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வகம் ஒவ்வொரு வசந்தத்திலும் பொதுமக்களைக் கொண்டு இலை சேகரிப்பு நடத்திவருகிறது. ஒரு சிறு பயிற்சி, பிறகு கையில் உறைகள். நோய் போலத் தெரியும் இலைகளைப் பறித்து, இடத்தைக் குறித்து, மரத்தில் அடையாளச் சீட்டுக் கட்டிவிட்டு வர வேண்டும். முடிவுகள் இலையுதிர் காலத்தில் வரைபடமாக வெளியாகும். உங்கள் தெருவிலிருந்து எவ்வளவு தூரத்தில் நோய் இருக்கிறது என்று அதில் பார்க்கலாம்.

காலம் முக்கியம். கோடையில் எடுத்த காய்ந்த இலையில் கிருமி இருந்தாலும் சோதனையில் சிக்காமல் போகலாம். மழை முடியும் தறுவாயில் எடுத்த இலைதான் நம்பகமானது. வறண்ட ஆண்டுகளில் வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் குறைந்தால் நோய் போய்விட்டதென்று மகிழ்ந்துவிடக் கூடாது. இரண்டு நல்ல மழைக்காலம் அடுத்தடுத்து வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

ஆய்வகத்தில் எப்படி உறுதி செய்கிறார்கள்?

களத்திலேயே செய்யும் ஸ்ட்ரிப் சோதனை ஒன்று உண்டு, கர்ப்பச் சோதனை ஸ்ட்ரிப் போல இரண்டு கோடு காட்டும். அது 'ஏதோ ஒரு பைட்டோப்தோரா' என்பதை மட்டும் சொல்லும். எது என்று சொல்ல மரபணுச் சோதனையான பிசிஆர் வேண்டும், அல்லது இலைத்துண்டைத் தனி ஊட்டத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்ட காடுகளிலும் நர்சரிகளிலும் இந்தக் கிருமியின் நான்கு வம்சங்கள் அறியப்பட்டிருக்கின்றன, இரண்டு வட அமெரிக்காவின் பெயரில், இரண்டு ஐரோப்பாவின் பெயரில். எந்த வம்சம் என்று தெரிந்தால் நோய் பக்கத்துக் காட்டிலிருந்து வந்ததா, லாரியில் வந்ததா என்று ஊகிக்க முடியும்.

ஓடையில் வலைப்பை கட்டித் தொங்குகிறதே, அது என்ன?

தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். அது தூண்டில். நோயில்லாத ரோடோடென்ட்ரான் இலைகளை வலைப்பையில் போட்டு ஓரிரு வாரம் நீரில் விடுகிறார்கள். மலையில் எங்கோ ஒரு மரத்தில் கிருமி இருந்தால் மழை அதை ஓடைக்குக் கொண்டுவரும், நீந்தும் வித்துகள் இந்த இலைகளில் ஒட்டும். ஆயிரக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்குப் பதிலாக, அவை அனைத்தின் நீரும் சேரும் ஓரிடத்தைப் பார்க்கும் உபாயம். நர்சரிகளுக்கு வெளியே வாய்க்கால்களிலும் இப்படிச் செய்கிறார்கள். மேலிருந்து பார்க்க விமானமும் ஹெலிகாப்டரும் உண்டு, ஆனால் அவற்றிலிருந்து தெரிவது ஏற்கெனவே செத்த மரம்.

காட்டு நோய்க்கும் நர்சரிக்கும் என்ன சம்பந்தம்?

காட்டில் மழைச் சாரலோடு வித்து ஒரு பத்து இருபது மீட்டர் போகும். புயல் காற்று அடித்தால் சில கிலோமீட்டர். லாரியில் ஏறிய கமேலியாச் செடி ஒரே வாரத்தில் நாட்டின் மறுகோடிக்குப் போய்விடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

2004-ல் அது நடந்தது. தென் கலிஃபோர்னியாவின் பெரிய நர்சரி ஒன்றில் கமேலியாக்களில் நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது, அங்கிருந்து செடிகள் பல மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. ஒவ்வொரு பெட்டியாகத் தேடிப் போனார்கள். 2019-ல் மறுபடியும், இம்முறை ரோடோடென்ட்ரான்கள். நோய் பட்டிருக்கக்கூடிய செடிகள் 18 மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தன. கிழக்கு மாநிலங்களின் மலைக்காடுகளில் நோய் ஏற்கும் செடிகளும் ஏராளம், மழையும் ஏராளம். அங்கே அது வேரூன்றிவிடக் கூடாது என்பதுதான் எல்லாருடைய பயமும்.

நூற்றுக்கு மேற்பட்ட செடியினங்கள் இந்நோய்க்கு இடம் தருகின்றன. நர்சரிகளில் முதலில் பார்க்க வேண்டியவை ஐந்து: கமேலியா, ரோடோடென்ட்ரான், வைபர்னம், பியெரிஸ், கால்மியா.

நர்சரியில் நோய் உறுதியானால் என்ன செய்கிறார்கள்?

நோய் பட்ட செடிகளை அழிப்பார்கள். அவற்றைச் சுற்றி 2 மீட்டருக்குள் இருக்கும் செடிகளும் தப்பாது. 10 மீட்டருக்குள் உள்ள, நோய் ஏற்கும் செடிகள் 90 நாள் விற்பனைக்குப் போகாமல் கண்காணிப்பில் நிற்கும். யாருக்கு விற்றார்கள், யாரிடம் வாங்கினார்கள் என்று இரு திசையிலும் தேடல் நடக்கும். உதிர்ந்த சருகு, தொட்டி மண், நீர் தேங்கும் இடம், பாசனத்துக்கு மறுபடி பயன்படும் நீர் எல்லாம் சோதிக்கப்படும்.

ஒரு நர்சரிக்காரருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பது எனக்குத் தெரியும். பல ஆண்டு வளர்த்த செடிகளைத் தீயில் போடுவதைப் பார்க்க யாருக்கும் மனம் வராது. ஆனாலும் மறைத்து விற்பவரைவிட, சந்தேகம் வந்த அன்றே அதிகாரிக்குத் தொலைபேசி செய்பவரையே நான் நல்ல தோட்டக்காரர் என்பேன்.

மருந்து அடித்துச் சரிசெய்துவிடக் கூடாதா?

நர்சரியில் இது கூடாது என்றே சொல்வேன். மெட்டலாக்சில் போன்ற மருந்துகள் கிருமியைக் கொல்வதில்லை, அடக்கி வைக்கின்றன. இலைப்புள்ளி மறைந்துவிடும், ஆய்வாளர் வந்து பார்த்தால் செடி அழகாக இருக்கும். வாங்கியவர் வீட்டில் மருந்தின் வீரியம் தீர்ந்ததும் புள்ளி திரும்பவரும், இப்போது புதிய ஊரில். ஆய்வுக்கு முன் மருந்தடிப்பதை நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

பலன் தருவது சலிப்பூட்டும் அன்றாட வேலைகள். தொட்டிகளை மண்ணில் வைக்காமல் சரளையின் மேலோ மேசையிலோ வைப்பது, சொட்டு நீர் விட்டு இலையை நனைக்காமல் இருப்பது, உதிர்ந்த இலையை அன்றன்றைக்கே கூட்டுவது, புதிதாக வந்த சரக்கைத் தனியே நிறுத்துவது, மறுசுழற்சி நீரைக் குளோரினாலோ மணல் வடிகட்டியாலோ சுத்தம் செய்வது.

செடி வாங்கும்போது நான் என்ன பார்க்கலாம்?

கமேலியா என்றால் முதலில் தொட்டிக்குக் கீழே பாருங்கள். நோய் பட்ட இலையைக் கமேலியா சீக்கிரம் உதிர்த்துவிடும், செடி சுத்தமாகத் தெரியும், குற்றவாளி தரையில் கிடக்கும். ரோடோடென்ட்ரானில் இலைக்காம்பிலிருந்து நடுநரம்பு வழியே பழுப்பு ஏறுகிறதா என்று பாருங்கள். வைபர்னத்தில் தண்டின் அடி.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிவந்த கமேலியாவில் மூன்றே வாரத்தில் பழுப்புத் திட்டுகள் வந்தன. பிளாஸ்டிக் பையில் இரண்டு இலையைப் போட்டுக் கவுண்டி வேளாண் அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். முடிவு வரும்வரை செடியை மற்றவற்றிலிருந்து தள்ளி, சிமென்ட் தரையில் தனியே வைத்தேன். வெயில் கருக்கல்தான் என்று சொன்னார்கள். அந்தச் செடி இன்றும் பூக்கிறது. போய்க் கேட்டதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை.

எங்கள் வீட்டில் நூறு வயது ஓக் நிற்கிறது. காப்பாற்ற முடியுமா?

நோய் வரும் முன் என்றால் முடியும் வாய்ப்பு இருக்கிறது. பொட்டாசியம் பாஸ்போனேட் மருந்தைத் தண்டில் ஊசியாகச் செலுத்துவார்கள், அல்லது பட்டைக்குள் ஊடுருவும் துணைப்பொருளுடன் கலந்து தெளிப்பார்கள். ஊரில் மிளகுக் கொடிக்குக் கொடுக்கும் அதே வகை மருந்துதான். அது மரத்தின் எதிர்ப்பைத் தூண்டுகிறது, நோயைக் குணப்படுத்துவதில்லை. ஒருமுறையோடு முடிவதுமில்லை. சாறு வழிய ஆரம்பித்த மரத்துக்குப் பணம் செலவழிக்கும் முன் நல்ல மரவல்லுநரிடம் கேளுங்கள்.

மருந்தைவிட முதலில் செய்ய வேண்டியது, ஓக்கை ஒட்டி நிற்கும் பே லாரலைக் கவனிப்பது. ஓக் தண்டின் மேல் சொட்டும் கிளைகளை வெட்டுங்கள். 10 மீட்டருக்குள் இருக்கும் சிறு மரங்களை எடுத்துவிடலாம். வெட்டுவது வறண்ட கோடையில், மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். அதற்காகக் கோடரியோடு ஊரிலுள்ள பே லாரலையெல்லாம் வெட்டக் கிளம்பாதீர்கள். அதுவும் இந்த மண்ணின் மரம்.

காட்டிலிருந்து ஒழித்துவிட முடியாதா?

ஓரெகன் மாநிலம் முயன்றது. 2001-ல் கர்ரி கவுண்டியில் புரூக்கிங்ஸ் அருகே நோய் தெரிந்த உடனே சுமார் 23 சதுர கிலோமீட்டரைத் தடுப்பு எல்லையாக அறிவித்து, நோய் பட்ட மரத்தையும் சுற்றியுள்ள டான் ஓக்குகளையும் வெட்டி எரித்தார்கள். வெட்டிய டான் ஓக் அடிமரத்திலிருந்து தழைத்துவரும், அந்தத் தளிரில் கிருமி மறுபடி குடியேறும் என்பதைக் கண்டு, வெட்டும் முன் களைக்கொல்லியைச் செலுத்தினார்கள். அப்படியும் 2015-க்குள் எல்லை 1,300 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அந்த ஆண்டிலேயே ஐரோப்பிய வம்சம் ஒன்றும் அங்கே காட்டில் தென்பட்டது. ஒழிப்பது என்ற இலக்கு, வேகத்தைக் குறைப்பது என்று மாறியது. இதைத் தோல்வி என்று சிலர் சொல்கிறார்கள், நான் ஒப்பமாட்டேன். வெட்டாமல் விட்டிருந்தால் இன்னும் எவ்வளவு வேகமாகப் போயிருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பிரிட்டனில் கதை வேறு. 2002-ல் முதலில் வைபர்னத்தில், 2009-ல் யாரும் எதிர்பாராமல் ஜப்பானிய லார்ச் மரத்தில். ஊசியிலைத் தோட்டங்கள் முழுவதும் வித்துக் கிடங்காகின. ஆணை வந்தால் நில உரிமையாளர் குறித்த காலத்துக்குள் வெட்டியாக வேண்டும். வேல்ஸின் மலைச்சரிவுகள் மொட்டையாயின.

ஒரு மரம் போனால் அந்த இடத்தில் இன்னொன்று வளர்ந்துகொள்ளாதா?

வளரும். ஆனால் டான் ஓக்கின் கொட்டை மானுக்கும் கரடிக்கும் உணவு. யூரோக், காருக், ஹூப்பா என்ற பூர்வகுடி மக்களுக்கு அது அரிசி போன்றது. இடித்து மாவாக்கி, கசப்புப் போக நீர்விட்டு அலசி, கூழாகக் காய்ச்சுவார்கள். அந்த மரமிருந்த இடத்தில் ரெட்வுட் எழுந்தால் காடு பச்சையாகத்தான் இருக்கும், சமையலறை காலியாகிவிடும். நிற்கும் செத்த மரங்கள் காட்டுத்தீக்கும் தீனி.

நடைப்பயணம் போவதை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். மழை பெய்த சேற்றில் நடந்தீர்களானால், காருக்கு வரும்போது காலணி அடியை ஒரு பழைய பிரஷால் தேய்த்துச் சேற்றை அங்கேயே விட்டுவிடுங்கள். பிறகு 70 சதவீத ஆல்கஹால் தெளியுங்கள். வரிசை மாறக் கூடாது, சேற்றின் மேல் தெளித்த மருந்து சேற்றோடு நின்றுவிடும். சைக்கிள் சக்கரம், நாயின் பாதம், மண்வெட்டி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. நான் காரின் பின்பெட்டியில் ஒரு பிரஷும் ஒரு தெளிப்பான் பாட்டிலும் நிரந்தரமாக வைத்திருக்கிறேன்.

விறகு, இலை, சருகு எடுத்து வரலாமா?

கலிஃபோர்னியாவில் 16 கவுண்டிகள் தடுப்பு எல்லைக்குள் இருக்கின்றன. அங்கிருந்து ஓக் விறகு, பே லாரல் இலைத் தோரணம், தொட்டிச் செடி போன்றவற்றை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. விறகை வாங்கிய ஊரிலேயே எரித்துவிடுங்கள்.

மனிதருக்கோ சமையலுக்கோ கெடுதியா?

இல்லை. இந்தக் கிருமி மனிதரையோ விலங்குகளையோ தொற்றாது. பே லாரல் இலையைப் பிரியாணிக்கு எடுப்பவர்களுக்கு ஒன்று: பிரிஞ்சி இலையைவிட இதன் காட்டம் பலமடங்கு, முழு இலை வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது ஒரு கமேலியாக் கன்று கொண்டுபோகலாமா? அம்மா ஊட்டியில் இருக்கிறார்.

கொண்டுபோகாதீர்கள். 2003-ஆம் ஆண்டின் இந்தியத் தாவரத் தடுப்பு ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் உயிர்ச்செடியைக் கொண்டுபோக முடியாது. சட்டத்தை விடுங்கள், ஊட்டியை நினைத்துப் பாருங்கள். தேயிலையும் கமேலியா இனம்தான். சோலைக்காடுகளில் லாரல் குடும்ப மரங்கள் நிறைந்திருக்கின்றன. நீலகிரியின் உச்சிப் புல்வெளி ஓரங்களில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு என்பது ரோடோடென்ட்ரான். குளிர், மூடுபனி, மாதக்கணக்கில் மழை. அம்மாவுக்குக் கமேலியாதான் வேண்டும் என்றால் ஊட்டியிலேயே ஒரு நர்சரியில் வாங்கிக் கொடுங்கள், தொட்டிக்குக் கீழே உதிர்ந்த இலை கிடக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு.